வாசகர் கேள்விகள்: கொசுவலையை எடை போட்டு வாங்குங்கள்

மழை விட்டதும் சென்னையில் கொசுவலை வியாபாரம் சூடு பிடிக்கும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, வலை தைத்து விற்க நினைப்பவர்களிடமிருந்து. மீதி, வாங்கி ஏமாந்தவர்களிடமிருந்தும், இலவசமாகக் கிடைத்த வலையை எப்படிப் பராமரிப்பது என்று கேட்பவர்களிடமிருந்தும். ஜவுளித் தொழிலும் கொசு ஒழிப்பும் தெரிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

நாங்கள் எட்டுப் பேர் கொண்ட மகளிர் குழு. நான்கு பவர் மெஷினும் ஒரு ஓவர்லாக்கும் இருக்கின்றன. கொசுவலைத் தயாரிப்பில் இறங்கலாமா? வலை பின்னும் மெஷினும் வாங்க வேண்டுமா? — வாசகி, வியாசர்பாடி

பின்னும் மெஷின் பக்கமே போகாதீர்கள். கொசுவலை தறியில் நெய்கிற துணி அல்ல. ‘ராஷெல்’ போன்ற வார்ப் நிட்டிங் மெஷினில், அதாவது நீளவாக்கு இழைகளைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும் மெஷினில், பின்னுகிற துணி. ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே இழுவிசையில் ‘பீம்’ என்ற பெரிய உருளையில் சுற்றி ஏற்ற வேண்டும். ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காவிட்டால் சுருள் நெடுக ஒரு நீளக் கோடு ஓட்டையாக ஓடும். முதலீடும் பெரிது, அதற்குப் பழகிய ஆளும் தேவை. இதையே தொழிலாக வைத்திருக்கும் ஊர் கரூர். அங்கிருந்து வலைத்துணியைச் சுருளாக வாங்கி, வெட்டித் தைத்து விற்பதுதான் உங்கள் அளவுக்குச் சரியான தொழில்.

ஒரு வலைக்கு எவ்வளவு துணி என்று முதலில் கணக்குப் போடுவோம். 6½ அடிக்கு 6 அடி இரட்டைக் கட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை 39 சதுர அடி. சுற்றளவு 25 அடி. உள்ளே போய்வர ஒரு பக்கத்தில் 2 அடி ஒன்றன்மேல் ஒன்று மடிந்து நிற்க வேண்டும், ஆகவே சுவர்ப் பட்டையின் நீளம் 27 அடி. வலை உயரம் 5 அடி வைத்தால் சுவருக்கு 135 சதுர அடி. மொத்தம் 174 சதுர அடி, ஏறக்குறைய 16.2 சதுர மீட்டர். இதற்குக் கீழே மெத்தைக்கு அடியில் செருக 1 அடி அகலத்தில் காடாத் துணியோ பாலிகாட்டனோ, அதே 27 அடி நீளத்துக்கு. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். வலையை நேரடியாக மெத்தைக்கு அடியில் செருகினால், கட்டில் விளிம்பில் உரசி முதலில் கிழிவது அந்த இடம்தான்.

சுவருக்கு 5 அடி அகலச் சுருள், கூரைக்கு 6 அடிக்குக் குறையாத சுருள் என இரண்டு அகலத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே அகலத்தில் வாங்கினால் கூரையின் நடுவில் ஒட்டுப் போட வேண்டிவரும். வாடிக்கையாளர் கண் முதலில் போவதும் அங்கேதான்.

சுருளைப் பிரித்த உடனே கத்தரி வைக்கக் கூடாது. இழுத்துச் சுற்றிய துணி என்பதால், வெட்டிய பிறகு சுருங்கி உள்வாங்கும். முந்தின இரவே மேசையில் தளர்வாக மடித்துப் போட்டுவிட்டு, காலையில் அளந்து வெட்டுங்கள். தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் அரை அங்குலம் கூடுதலாக விடுங்கள்.

அடுத்து, புதிதாகத் தைப்பவர்கள் எல்லோரும் இடறுகிற இடம்: கூரையோடு சுவரைச் சேர்ப்பது. வலை நழுவும், விளிம்பில் வைக்கும் நாடா நழுவாது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் கடைசி மூலையில் ஒரு சாண் வலை மிச்சமாகத் தொங்கும். இதற்கு வழி, பட்டையில் முன்கூட்டியே குறி போடுவதுதான். வாசல் நீளப் பக்கத்தின் நடுவில் வருவதாக வைத்தால், பட்டையின் ஒரு முனையிலிருந்து 4¼ அடி, 10¼ அடி, 16¾ அடி, 22¾ அடி ஆகிய நான்கு இடங்களும் கூரையின் நான்கு மூலைகள். அங்கே சாக்பீஸ் குறி போட்டு, மூலைக்கு மூலை ஊசி குத்தி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பக்கமாகத் தையுங்கள். எது மிஞ்சினாலும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சரிசெய்துவிடலாம்.

நாடா 1 அங்குல அகலம். கூரை விளிம்புக்கு 25 அடி, வாசலின் இரண்டு ஓரங்களுக்கும் சேர்த்து 12 அடி, தொங்கவிடும் ஆறு காதுகளுக்கு ஒவ்வொன்றும் 8 அங்குலம் வீதம் 4 அடி, ஆகமொத்தம் 41 அடி. காதுகள் நான்கு மூலையிலும், நீளப் பக்கங்களின் நடுவிலும் வர வேண்டும். காதை நாடாவோடு சேர்த்து, சதுரமாக ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி போலத் தையுங்கள். வலையோடு மட்டும் சேர்த்துத் தைத்த காது, குழந்தை ஒரு முறை பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும்.

ஊசி 11ஆம் எண், முனை மழுங்கிய பால்பாயிண்ட் வகை. கூர்முனை ஊசி இழையைக் குத்தி அறுத்துவிடும். நூல் பாலியெஸ்டர். பருத்தி நூல் போட்டால் வலை நன்றாக இருக்கும்போதே தையல் இற்றுப்போகும். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் போதும். துணியை நகர்த்தும் மெஷின் பல் வலைக்கண்ணில் மாட்டி இழுத்தால், அடியில் மெல்லிய காகிதப் பட்டை வைத்து ஓட்டி, பிறகு கிழித்து எடுத்துவிடுங்கள். பாலிஎத்திலீன் வலையை முழு வேகத்தில் தைக்காதீர்கள். அந்த இழை சுமார் 130 டிகிரியில் உருகும். வேகமாக ஓடும் ஊசியின் சூடு அதற்குப் போதும். தையல் நெடுக உருகிய பொட்டுகள் தெரிந்தால் காரணம் இதுதான்.

அப்படியானால் நாங்களே மருந்து தோய்த்து ‘மருந்து வலை’ என்று விற்கலாமா? லாபம் அதிகம் என்கிறார்கள். — அதே குழுவிலிருந்து

கூடாது. மருந்து ஏற்றிய வலை சட்டப்படி பூச்சிக்கொல்லிப் பொருள். 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழுவிடம் பதிவும், மாநில அளவில் உற்பத்தி உரிமமும் இல்லாமல் தயாரிக்கவோ விற்கவோ முடியாது.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், மருந்தைச் சரியான அளவில் ஏற்றுவது வீட்டு வேலை அல்ல. பாலியெஸ்டர் வலையில் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைப் பூசும் வகைக்குச் சதுர மீட்டருக்கு 55 மில்லிகிராம் அளவு புழக்கத்தில் இருக்கிறது. 190 × 180 × 150 சென்டிமீட்டர் குடும்ப வலையின் பரப்பு 14.5 சதுர மீட்டர். அப்படியென்றால் முழு வலைக்கும் மருந்து வெறும் 0.8 கிராம். இந்த ஒரு சிட்டிகைக்கும் குறைவான மருந்து கூரையிலும் சுவரிலும் ஒரே சீராக ஏறி, 20 சலவைக்குப் பிறகும் கொசுவைக் கொல்ல வேண்டும். அதற்காகப் பிசினோடு கலந்து, உருளைகளுக்கு இடையே பிழிந்து, சூட்டில் உலர்த்துகிறார்கள். பாலிஎத்திலீன் வலையில் வேறு வழி: இழை இழுக்கும்போதே மருந்தை உருகிய பிளாஸ்டிக்கோடு கலந்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் மருந்து மெல்லக் கசிந்து இழையின் மேற்பரப்புக்கு வரும். துவைத்ததும் மேலே இருப்பது போய்விட்டாலும், சில நாளில் உள்ளிருந்து மறுபடி ஊறி வரும்.

இதற்குப் பிறகு சோதனை. கூம்பு வடிவக் கிண்ணத்தை வலைமேல் கவிழ்த்து, அதற்குள் கொசுக்களை 3 நிமிடம் விட்டு எடுக்கிறார்கள். 60 நிமிடத்தில் 95 சதவீதம் மயங்கி விழ வேண்டும், அல்லது 24 மணி நேரத்தில் 80 சதவீதம் சாக வேண்டும். 20 முறை துவைத்த வலைக்கும் இதே அளவுகோல்தான். புதுச்சேரியில் உள்ள வெக்டார் (நோய் பரப்பும் கொசு போன்ற பூச்சிகள்) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இப்படிப்பட்ட சோதனைகளுக்குப் பேர்போனது.

இதையெல்லாம் தாண்டி உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் வாங்கிய வலைகள் நம் கரூரிலேயே தயாராகின்றன. ஷோபிகா இம்பெக்ஸின் டியூராநெட், வி.கே.ஏ. பாலிமர்ஸின் மேக்நெட் இரண்டும் ஆல்ஃபா சைபர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த பாலிஎத்திலீன் வலைகள். ஆப்பிரிக்காவில் இதற்கு முன்மாதிரி தான்சானியாவின் அருஷா நகரம். ஜப்பானின் சுமிட்டோமோ கெமிக்கல் தொழில்நுட்பத்தைக் கொடுக்க, அங்குள்ள ஏ டு இசட் டெக்ஸ்டைல் மில்ஸ் 2003இல் ‘ஒலிசெட்’ என்ற மருந்து வலையைத் தயாரிக்கத் தொடங்கியது. கையில் ஒரு ஜவுளி ஆலை இருந்ததால்தான் அது நடந்தது. வெறும் கொட்டகையில் தொடங்கிய கதை அல்ல. உங்கள் குழு மருந்தில்லாத வலையை ஒழுங்காகத் தைத்தாலே போதும், சென்னையில் வாங்க ஆள் உண்டு.

பாக்கெட்டில் ‘156 கண், உயர்தரம்’ என்று போட்டிருந்தது. நாலு மாதத்தில் நார் நாராகிவிட்டது. கடையிலேயே தரத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? — வாசகர், புரசைவாக்கம்

இருக்கிறது. 156 என்பது ஒரு சதுர அங்குலத்தில் உள்ள கண்களின் எண்ணிக்கை. மலேரியாத் தடுப்பு வலைக்குப் பொதுவான குறைந்தபட்சம் அதுதான். விசிட்டிங் கார்டில் 1 அங்குலச் சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஜன்னலை வலைமேல் வைத்து எண்ணுங்கள். ஒரு பக்கம் 12, மறுபக்கம் 13 வந்தால் சரியாக 156. வலையை இழுக்காமல் எண்ண வேண்டும். இழுத்தால் கண் நீண்டு கணக்குத் தப்பும்.

ஆனால் உங்கள் வலை நார் நாரானதற்கும் கண் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. அது இழையின் தடிமன் விவகாரம். டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் எடை, கிராமில். 75 டெனியர் பாலியெஸ்டர் வலை சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிராம் இருக்கும், 100 டெனியர் சுமார் 40 கிராம். பாலிஎத்திலீன் வலையில் 150 டெனியர் ஒற்றை இழை, சுமார் 45 கிராம். விலையைக் குறைக்க நினைப்பவர் கை வைக்கிற இடம் இதுதான். கண் எண்ணிக்கை அப்படியே இருக்கும், இழை மட்டும் மெலிந்துவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஏன், மெல்லிய வலைதான் ‘சில்க் மாதிரி இருக்கே’ என்று கைக்குப் பிடித்துப்போகும்.

ஆகவே வலையை எடை போடுங்கள். நீளம் × அகலம் ஒரு கணக்கு. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, 2ஆல் பெருக்கி, உயரத்தாலும் பெருக்குவது இன்னொரு கணக்கு. இரண்டையும் கூட்டினால் பரப்பு. 14.5 சதுர மீட்டர் வலை 75 டெனியரில் 435 கிராமுக்குக் குறையக் கூடாது, 100 டெனியரில் 580 கிராம் வரும். பார்டரும் நாடாவும் தனி எடை, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பார்டரோடு சேர்த்தே 350 கிராம்தான் நிற்கிறது என்றால், பாக்கெட்டில் என்ன அச்சிட்டிருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். சௌகார்பேட்டை மொத்தக் கடைகளில் தராசு கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வலை எந்த இழை என்று தெரியாவிட்டால், ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் நன்றாகப் பிழிந்து காற்றை வெளியேற்றிவிட்டு விடுங்கள். பாலிஎத்திலீன் மிதக்கும். பாலியெஸ்டரும் நைலானும் மூழ்கும். சோப்பு போடாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு பாலியெஸ்டரும் மிதந்து உங்களை ஏமாற்றும்.

செடிக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து வலையை முக்கி எடுத்தால் என்ன? — வாசகர், ஆவடி

தயவுசெய்து வேண்டாம். தோட்ட மருந்துகள் பல, கரைப்பான் எண்ணெயும் பால்மமாக்கியும் சேர்ந்தவை. மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இரவெல்லாம் தொங்கவிடுவதற்கு உண்டானவை அல்ல. சுகாதாரத் துறையினர் வலையில் மருந்து ஏற்றும்போது 2.5 சதவீத டெல்டாமெத்ரின் ‘ஃப்ளோ’ (தண்ணீரில் கலக்கும் திரவ) வகையைப் பயன்படுத்துவார்கள். ஒற்றை வலைக்கு 10 மில்லி, இரட்டை வலைக்கு 15 மில்லி, சதுர மீட்டருக்குச் சுமார் 25 மில்லிகிராம் வருகிற மாதிரி. வலை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று முதலில் வெறும் தண்ணீரில் முக்கிப் பார்த்து, அந்த அளவுத் தண்ணீரில்தான் மருந்தைக் கலப்பார்கள். அதிகத் தண்ணீரில் கலந்தால் மருந்து வாளியிலேயே தங்கிவிடும். ஈர வலையைக் கொடியில் தொங்கவிடாமல் நிழலில் பாய் விரித்துப் படுக்கையாக உலர்த்துவார்கள். தொங்கவிட்டால் மருந்தெல்லாம் வடிந்து கீழ் ஓரத்தில் சேர்ந்துவிடும். கையுறை போட்ட, பழகிய ஆட்கள் செய்கிற வேலை அது.

கூவம் கரையோரம் இருக்கிறோம். எங்களுக்கு இலவச வலை கொடுத்தார்கள். கீழ்ப்பக்கம் சில ஓட்டைகள். இன்னும் பயன்படுமா? எப்படித் துவைப்பது? — வாசகி, சிந்தாதிரிப்பேட்டை

ஓட்டைகளை எண்ணிப் பார்த்துவிடலாம். இதற்கு உலக அளவில் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. கட்டைவிரல் நுழையும் ஓட்டை ஒன்றுக்கு 1. முஷ்டி நுழைந்தால் 23. தலை நுழைந்தால் 196. அதைவிடப் பெரிதானால் 576. கூட்டினால் 64 வரை வலை நல்ல நிலையில் இருக்கிறது. 642 வரை தைத்துப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் மாற்ற வேண்டும். முஷ்டி அளவில் மூன்று ஓட்டை இருந்தாலே 69 ஆகிவிடும், உடனே ஊசி எடுக்க வேண்டியதுதான். ஓட்டையின் ஓரங்களைச் சேர்த்து இழுத்து முடிச்சுப் போட்டால், சுற்றியுள்ள வலை விறைத்து அடுத்த கிழிசல் அங்கே தொடங்கும். பழைய வலைத் துண்டை ஒட்டாக வைத்து, சுற்றிலும் தளர்வாகத் தையுங்கள்.

பொதுவாகக் கீழ்ப்பக்கம் கிழிவதற்குக் காரணம் கட்டில் கம்பி, ஆணி, எலி. பகலில் வலையைச் சுருட்டி மேலே முடிந்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கொடுத்தது மருந்து வலை என்றால் பாக்கெட்டில் மருந்தின் பெயர் இருக்கும். புதிதாகப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். முதல் சில நாள் முகத்தில் லேசான அரிப்போ தும்மலோ வரலாம், தானே போய்விடும். துவைக்கச் சாதாரண சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போதும். பிளீச்சிங், வெந்நீர், கல்லில் அடிப்பது, வாஷிங் மெஷின் எதுவும் கூடாது. 20 சலவைதான் கணக்கு என்பதால் வாரா வாரம் துவைத்தால் ஐந்தே மாதத்தில் வெறும் வலையாகிவிடும். வெயிலிலும் காயப் போடாதீர்கள், மருந்து சிதையும். துவைத்த தண்ணீரைக் கால்வாயிலோ குளத்திலோ ஊற்ற வேண்டாம். இந்த மருந்துகளுக்கு மீன் உடனே சாகும். மண் தரையில், கிணற்றுக்குத் தள்ளி ஊற்றுங்கள்.

எங்கள் அடுக்குமாடியில் எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்துவிட்டோம். இருந்தும் ஒருவருக்கு மலேரியா வந்தது. எங்கே தவறு? — வாசகர், மயிலாப்பூர்

மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். சென்னையின் மலேரியாக் கொசு அனாஃபிலஸ் ஸ்டீபன்சி. சாக்கடையில் வளர்வது கியூலெக்ஸ். ஸ்டீபன்சிக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும்: மேல்நிலைத் தொட்டி, சம்ப், மூடாத கிணறு. 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூத்தியில் இதே இனம் கண்டுபிடிக்கப்பட்டது முதல் அங்குள்ள நகரங்களுக்கும் தலைவலி. அது அந்தி சாய்ந்த உடனேயே, வீட்டுக்கு வெளியேயும் கடிக்கும். நீங்கள் படுக்கைக்குப் போகும் முன்பே அதன் வேலை முடிந்திருக்கலாம்.

அதனால் தொட்டிக்கும் வலை போடுங்கள். மூடி இறுக்கமாக உட்கார்ந்தாலும் காற்றுக் குழாயும், நிரம்பி வழியும் குழாயும் திறந்தே இருக்கும். கொசுவுக்கு அந்த வழி தாராளம். குழாய் முனையில் இரண்டு மடிப்பு வலையை வைத்து, வளையக் கிளிப் போட்டு முறுக்குங்கள். கயிறு கட்டினால் இரண்டே மாதத்தில் தளரும். படுக்கை வலையின் துண்டு இங்கே உதவாது, வெயிலில் பொடிந்துவிடும். வெயில் தாங்கும் கறுப்பு நைலான் வலையோ துருப்பிடிக்காத கம்பி வலையோ வாங்குங்கள். வழியும் குழாயின் வலையில் பாசியும் தூசியும் அடைத்தால் தண்ணீர் மூடி வழியாகப் பொங்கும். மாதம் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். மூடி உடைந்த தொட்டிக்குத் தார்ப்பாய் கட்டினால், அதன் குழிவில் மழைநீர் தேங்கி அங்கேயே புழு வைக்கும். புது மூடிதான் வழி.

டெங்குவுக்குக் கொசுவலை பயன்படுமா? அந்தக் கொசு பகலில்தானே கடிக்கிறது? — வாசகி, பல்லாவரம்

பகலில் தூங்குகிறவர்களுக்குப் பயன்படும்: கைக்குழந்தை, நோயாளி, இரவு ஷிப்ட் முடித்து வந்து படுப்பவர். வீட்டில் யாருக்காவது டெங்குக் காய்ச்சல் என்றால், காய்ச்சல் இருக்கும் நாட்களில் அவரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசு அடுத்தவருக்குக் கொண்டுபோகும். குழந்தைக்குக் கவிழ்க்கும் குடை வலை வாங்கினால், விரித்து மெத்தைமேல் வைத்து, விளிம்பு எங்காவது தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். கம்பி வளைந்திருந்தால் ஒரு விரல் இடைவெளி நிற்கும். வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் மேசைமேல் விரித்துப் பார்த்து வாங்குங்கள்.